பழைய பாய்மரப் படகின் தளத்தில் பெயர் தெரியாமல் நிற்கும் உறுப்புகளை இனங்காணும் முறை

1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான பியர்சன் ட்ரைட்டன், 1962 முதல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டப்பட்ட ஆல்பர்க் 30, 1969-இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய வெஸ்டர்லி சென்டார் போன்ற கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகள் இன்றும் ஏராளமாக நீரில் மிதக்கின்றன. அவற்றின் உடல் எளிதில் அழிவதில்லை; ஆகவே ஒரே படகு நான்கைந்து உரிமையாளர்களின் கை மாறி வருகிறது. ஒருவர் பந்தயத்துக்காகச் சில கப்பிகளைப் பொருத்தினார். அடுத்தவர் நெடும்பயணத்துக்காக, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் தாங்குகம்பி ஒன்றைக் கூட்டினார். மூன்றாமவர் கயிறுகளை எல்லாம் கழற்றிவிட்டு உலோகத்தை மட்டும் விட்டுச் சென்றார். படகைப் புதிதாக வாங்கியவர் தளத்தில் ஏறி நின்று பார்க்கும்போது, எதற்கென்றே புரியாத வளையங்களும் தகடுகளும் மூடிகளும் குழிகளும் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன.

இவற்றை இனங்காண முற்படுவோர் பெரும்பாலும் உறுப்பின் வடிவத்தை விற்பனைப் பட்டியலின் படங்களோடு ஒப்பிடுவதில் பொழுதைக் கழிக்கிறார்கள். அது பாதி வேலைதான். ஒரே வளையத் தகடு ஒரு படகில், பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழியாகிய பூமைக் கீழிழுக்கவும், இன்னொன்றில் நங்கூரத்தைக் கட்டவும், மற்றொன்றில் பாதுகாப்புக் கயிற்றின் முனையாகவும் இருக்கக்கூடும். தளத்தில் உள்ள எந்த உறுப்பும் தனக்காக அங்கே இல்லை. ஒரு கயிற்றுக்காகவோ கம்பிக்காகவோ குழாய்க்காகவோ வைக்கப்பட்டது. ஆகவே காணாமற்போன அந்தக் கயிறு எங்கிருந்து எங்கே சென்றது என்பதையே முதலில் தேட வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தத் தேடலுக்கானவை.

முதற்படி: தொடாமல் வரைந்துகொள்ளுதல்

எதையும் கழற்றுவதற்கு முன், கட்டம் போட்ட தாளில் படகின் மேற்பார்வை வடிவத்தை வரைந்து, ஒவ்வோர் உறுப்பும் பாய்மரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளந்து குறிக்க வேண்டும். அடைக்கப்பட்ட பழைய துளைகளையும் விட்டுவிடக் கூடாது. நான்கு ஆணித்துளைகளின் தடம் மட்டும் எஞ்சியிருக்கும் இடம், பக்கத்தில் உள்ள மர்ம உறுப்பின் இணை ஒரு காலத்தில் நின்ற இடமாக இருக்கலாம்.

வரைபடம் முடிந்ததுமே பல உறுப்புகள் தாமாகப் பிரிந்துவிடும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் இணையாக இருப்பவை பெரும்பாலும் பாய்களைக் கட்டுப்படுத்தும் கயிறுகளுக்கு உரியவை. காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும் என்பதால் அக்கயிறுகள் இரு பக்கமும் தேவைப்படுகின்றன. நடுக்கோட்டின் மேல் ஒற்றையாக இருப்பவை தாங்குகம்பி, நங்கூரம், சுக்கான் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்தவை. நடுக்கோட்டிலிருந்து விலகி, இணையும் இல்லாமல் நிற்பவை தொட்டிகள், பம்புகள், அடுப்பு, மின்கம்பி போன்று படகின் உள்ளே நடக்கும் காரியத்துக்கானவை. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் தொடக்கத்தில் கைகொடுக்கும் விதி இதுவே.

இரண்டாம் படி: கீழே இறங்கிப் பார்த்தல்

தளத்தின் மேலே மணிக்கணக்கில் நின்று யோசிப்பதைவிட, அறைக்குள் படுத்து விளக்கை மேல்நோக்கிப் பிடித்துப் பார்க்கும் பத்து நிமிடம் அதிகம் சொல்லும். உறுப்புக்கு நேர் கீழே ரப்பர்க் குழாய் தொங்கினால் அது தொட்டி நிரப்பும் வாய் அல்லது காற்றுப்போக்கி. மின்கம்பி தொங்கினால், பாய்மர விளக்குக்கோ எப்போதோ கழற்றப்பட்ட கருவிக்கோ உரிய இணைப்பு. தடித்த அடித்தகடும் பெரிய போல்ட்டுகளும் இருந்தால் அந்த உறுப்பு பெரும் இழுவிசையைத் தாங்க வைக்கப்பட்டது. வெறும் மரத்திருகாணிகள் நுனி நீட்டிக்கொண்டிருந்தால், அது மழைத்துணியையோ கொடிக் கயிற்றையோ கட்டுவதற்கான சிறு உறுப்பு. அல்லது அவசரக்கார உரிமையாளர் ஒருவரின் கைவேலை.

முன்தளத்தின் நடுவில் உள்ள வளையத்துக்குக் கீழே ஓர் எஃகுத் தண்டு இறங்கி, படகின் முன்முனைச் சுவரிலோ குறுக்குத் தடுப்பிலோ பூட்டப்பட்டிருந்தால் ஐயமே வேண்டாம்: அங்கே ஓர் உள் முன்தாங்குகம்பி இருந்தது. தளம் மட்டும் அந்த இழுவையைத் தாங்காமல் மேல்நோக்கி வளைந்துவிடும் என்பதால்தான் தண்டு தேவைப்பட்டது. தண்டு மட்டும் காணாமற்போயிருந்தால், அடித்தகட்டின் நடுவில் உள்ள துளையோ கொக்கியோ அது இருந்த இடத்தைக் காட்டும்.

பல படகுகளில் அறைக்கூரைக்குக் கீழே வார்ப்பு உட்கூடு ஒன்று ஒட்டப்பட்டு, நட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். அதை அறுக்க வேண்டியதில்லை. கைப்பேசியோடு இணைக்கும் சிறு குழாய்க் கேமராவை விளக்குத் துளையின் வழியாக நுழைத்தால் போதும்.

மூன்றாம் படி: தேய்மானத்தைப் படித்தல்

கயிறு உலோகத்தை மெருகேற்றும். கம்பி உலோகத்தை அறுக்கும். உறுப்பின் உட்பக்கத்தில் அகன்ற, வழவழப்பான பளபளப்பு இருந்தால் அங்கே ஓடியது கயிறு. குறுகிய, கூர்மையான வரித்தடம் இருந்தால் ஓடியது எஃகுக் கம்பி. தேய்மானம் வளையத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கியே இழுவை இருந்திருக்கிறது. மேற்புறம் தேய்ந்திருந்தால் இழுவை மேல்நோக்கி, அதாவது பாய்மரத்தையோ பூமையோ நோக்கிச் சென்றது. பின்புறம் தேய்ந்திருந்தால், படகைச் செலுத்துவோர் அமரும் பள்ளமாகிய காக்பிட்டை நோக்கிச் சென்றது.

பிறகு மெல்லிய நூல் ஒன்றை உறுப்பில் கட்டி, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வின்ச்சுக்கும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) கிளீட்டுக்கும் (கயிற்றைக் கட்டி நிறுத்தும் கொம்பு) இழுத்துப் பார்க்க வேண்டும். அறையின் விளிம்பிலோ வேலிக்கம்பத்திலோ உரசினால் அந்தப் பாதை தவறு. வின்ச் உருளையின் அச்சுக்குச் செங்குத்தான கோட்டைவிடச் சற்றுக் கீழிருந்து கயிறு வந்து சுற்றினால்தான் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்காது. நூல் அப்படி வந்து அமைந்தால், மெய்யான பாதை கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த நூற்சோதனையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிப் பலர் தவிர்க்கிறார்கள். எத்தனையோ புகைப்பட ஒப்பீடுகள் தராத விடையை இது தருவதை அவர்கள் அறிவதில்லை.

நான்காம் படி: உலோகமும் முத்திரையும்

உறுப்பின் அடிப்புறத்திலோ கப்பியின் கன்னத்திலோ வார்ப்புமுத்திரை இருக்கிறதா என்று பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படகுகளில் கனெடிகட் மாநிலத்தின் மிடில்டவுனைச் சேர்ந்த வில்காக்ஸ் கிரிட்டெண்டன், பாஸ்டனின் மெரிமன், மாசசூசெட்ஸின் ஷேஃபர் ஆகிய பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும். பிரிட்டிஷ் படகுகளில் லூமார், கிப், கிளாஸ்கோவின் சிம்ப்சன் லாரன்ஸ் ஆகியவை. வின்ச்சுகளில் கலிஃபோர்னியாவின் பேரியன்ட்டும் ஆஸ்திரேலியாவின் பார்லோவும். முத்திரை உறுப்பின் பெயரோடு அதன் காலத்தையும் சொல்லிவிடும். ஹார்க்கன் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. 1961-இல் கட்டப்பட்ட ட்ரைட்டன் ஒன்றில் அப்பெயர் பொறித்த கப்பி இருந்தால், அது கட்டுமானத்தளத்தில் வைக்கப்பட்டதாக இருக்க முடியாது.

முத்திரை இல்லாவிட்டால் உலோகத்தையே கேட்க வேண்டும். குரோமியப் பூச்சு உதிர்ந்த இடத்தில் பொன்னிறமோ பச்சைக் களிம்போ தெரிந்தால் உள்ளே இருப்பது வெண்கலம் அல்லது பித்தளை. பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் தெரிந்தால் உறுப்பு வலுவிழந்துவிட்டது என்று பொருள். பழுப்பு நிறத்தில் துணி இழை தெரியும் கப்பிச் சக்கரம் டஃப்னால் எனப்படும் பிசினூட்டிய அடுக்குத்துணியால் ஆனது. பழைய பிரிட்டிஷ் உறுப்புகளில் இது மிகச் சாதாரணம். ஒற்றைக் கீறல் தலையுள்ள ஆணிகள் பழமையையும் நட்சத்திரத் தலையுள்ளவை பிற்காலத்தையும் சுட்டும் என்பார்கள். அந்தச் சான்றைத் தனியே நம்பக் கூடாது.

ஐந்தாம் படி: முன்முனையிலிருந்து பின்முனைவரை நடந்து பார்த்தல்

இனி வரைபடத்தோடு படகின் முன்முனையாகிய அணியத்திலிருந்து தொடங்கலாம். அங்கே புதியவர்களை அதிகம் குழப்புவது, ஏறத்தாழ முக்கோணமாக அமைந்த மூன்று சிறு உலோகத் தாங்கிகள். தனித்தனியே பார்த்தால் எதற்கும் பயன்படாதவைபோல் தோன்றும் இவை, டான்ஃபோர்த் வகை நங்கூரத்தைத் தளத்தில் கிடத்தி வைப்பதற்கானவை: இரண்டு அதன் குறுக்குத்தண்டின் முனைகளையும் ஒன்று அதன் காம்பையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் சாய்ந்த மூடியுடன் கூடிய துளை இருந்தால் அது சங்கிலி கீழறைக்குள் இறங்கும் வழி. விளிம்பில் உள்ள கயிற்றுவழியின் மேல்வாய் நேராகப் பிளந்திராமல், இரு கொம்புகளும் ஒன்றையொன்று சாய்வாகத் தாண்டிச் சென்றால் அது ஸ்கீன் வகை. படகு குதித்தாலும் கயிறு வெளியேறாதிருப்பதற்காக அமைக்கப்பட்டது.

அணியத்துக்கும் பாய்மரத்துக்கும் இடையில், குட்டையான வெண்கலப் பீடம் ஒன்று, மேலே சுழலும் மூட்டோடு நிற்கக் காணலாம். பலர் இதை விளக்குத்தாங்கி என்றும் கொடிக்கம்பத்தின் அடி என்றும் எண்ணியதுண்டு. முன்பாய்க்கும் தனியாக ஒரு சிறு பூம் இருந்த படகுகளில் அந்தப் பூமின் முன்முனை இங்கேதான் பொருந்தியது. ஐயமிருந்தால் பாய்மரத்துக்குச் சற்று முன்னால் குறுக்குவாட்டில் ஒரு குட்டைத் தண்டவாளமோ வளைந்த கம்பியோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பூமின் பின்முனை இடமும் வலமும் ஓடிய பாதை அது. படகு திரும்பும் போதெல்லாம் முன்பாய் தானே பக்கம் மாறிக்கொள்ளும் என்பது இந்த அமைப்பின் வசதி. 1970-களின் வெஸ்ட்செயில் 32 படகுகளில் உட்பாய்க்கு இத்தகைய பூம் பரவலாக இருந்தது.

உள் முன்தாங்குகம்பியைத் தண்டின் துணையோடு இனங்காண்பதை மேலே சொன்னேன். அதோடு சேர்ந்து, ஒருபுறம் கீல் வைத்து மடங்கும் நீண்ட நெம்புகோல் ஒன்று கிடைக்கலாம். அது ஹைஃபீல்டு நெம்புகோல். தேவைப்படும்போது கம்பியை ஒரே வீச்சில் இறுக்கவும் தேவையற்றபோது தளர்த்தி ஓரமாகக் கட்டவும் அது பயன்பட்டது. இதே நெம்புகோல் காக்பிட்டின் இருபுறமும் பக்கத்தளத்தில் இணையாக இருந்தால், அவை காற்றின் பக்கத்துக்கேற்ப மாற்றி மாற்றி இறுக்கப்படும் பின்தாங்குகம்பிகளுக்கு உரியவை. 1970-களில் ஐஓஆர் அளவீட்டு விதியின் கீழ்ப் பந்தயம் ஓடிய படகுகளில் மெல்லிய, வளையும் பாய்மரங்கள் நிலவியதால் இத்தகைய கூடுதல் கம்பிகள் மலிந்திருந்தன.

பாய்மரத்தின் அடியில் இரண்டு பொருள்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பூம் பாய்மரத்தோடு சேரும் மூட்டில் தென்படும் சதுரத் துளை அல்லது பல்சக்கரப் பெட்டி. கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் பூம் தன்னைத்தானே உருட்டி, பாயைச் சுருட்டிக் குறைக்கும் பழைய ஏற்பாடு அது. பூமைச் சுற்றிப் பொருந்தும், நண்டின் கொடுக்குப் போன்ற திறந்த வளையம் ஒன்று எங்காவது பெட்டியில் கிடந்தால், இதன் துணை உறுப்பு அதுவே. மற்றொன்று, பாயை மேல்தூக்கும் கம்பி முழுவதையும் தன்னுள் சுற்றி வைத்துக்கொள்ளும் உருளை வின்ச். இதைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். கைப்பிடி செருகியிருக்கும்போது தடையைத் தளர்த்தினால், பாயின் எடையால் உருளை வெறிகொண்டு சுழன்று கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடக்கூடும். இது எந்தக் காலத்து உறுப்பு என்று வியப்பதோடு நிறுத்தி, கயிறும் சாதாரண வின்ச்சுமாக மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

அறைக்கூரையில் இருப்பவை பெரும்பாலும் காற்றுக்கும் ஒளிக்கும் புகைக்கும் உரியவை. உள்ளே தடுப்புச் சுவருடன் கூடிய பெட்டிமேல் நிற்கும் காற்றுக்குழல், 1931-இல் அட்லாண்டிக் கடப்புப் போட்டியில் வென்ற டொரேட் என்னும் படகின் பெயரால் டொரேட் பெட்டி எனப்படுகிறது. நீர் பெட்டிக்குள்ளேயே வடிந்துவிட, காற்று மட்டும் அறைக்குள் இறங்கும். பெட்டி போய்த் திருகுமூடி மட்டும் எஞ்சியிருந்தாலும் அதன் கீழே அறைக்குள் திறந்த துளை இருக்கும். உட்புறம் கரி படிந்த வட்ட விளிம்பு அடுப்புப் புகைக்குழாயின் வாய். தளத்தோடு தளமாகப் பதிந்து, கீழ்நோக்கிக் கூர்த்த கண்ணாடிக்கட்டி இருந்தால் அது ஒளியை அறைக்குள் பரப்பும் பட்டகம். அரை அங்குல அளவில் வரிசையாக நிற்கும் திருகு பொத்தான்கள் துணிக்கூடாரத்தின் விளிம்பைப் பூட்டுபவை.

பக்கத்தளத்தின் நீண்ட தண்டவாளங்கள் பெரிய முன்பாயின் கயிற்றுக் கப்பிகள் நகர்வதற்கானவை என்பது எளிதில் விளங்கும். அவற்றின் உட்புறமோ வெளிப்புறமோ தனித்து நிற்கும் வளையங்கள்தான் புதிர். முன்பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துக் காற்றுக்கேற்பப் பாயின் கோணத்தைத் திருத்தும் துணைக்கயிறு, பூம் திடீரெனப் பக்கம் மாறாமல் முன்னோக்கிக் கட்டி வைக்கும் கயிறு, ஸ்பின்னேக்கர் என்னும் பலூன்போல் உப்பும் முன்பாயின் கழியைக் கீழிழுக்கும் கயிறு ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் அவை பெரும்பாலும் முடிகின்றன. மூன்றில் எது என்பதை நூற்சோதனைதான் தீர்த்து வைக்கும். காணாமற்போன தண்டவாள வண்டிக்குப் புதிது வாங்குமுன் தண்டவாளத்தின் அகலத்தையும் தலையின் தடிப்பையும் வெர்னியர் அளவியால் அளந்துகொள்ளுங்கள். கண்மதிப்பு இங்கே எப்போதும் ஏமாற்றும்.

பக்கத்தளத்தின் தட்டையான திருகுமூடிகளில் டீசல், நீர், கழிவு என்று பொறித்த எழுத்துகள் தேய்ந்து மறைந்திருக்கலாம். கீழுள்ள குழாயைத் தொட்டிவரை கையால் தடவிப் பின்தொடராமல் எந்த மூடியிலும் எதையும் ஊற்றக் கூடாது. டீசல் தொட்டியில் நீரையும் நீர்த் தொட்டியில் டீசலையும் ஊற்றியவர்கள் கதை எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு.

காக்பிட்டில், ரப்பர் உறையோ சிறு மூடியோ உள்ள வாய்க்குள் பார்த்தால் வெறும் குழாய்முனை தெரியும். அது படகடி நீரை இறைக்கும் பம்பின் கைப்பிடி செருகும் இடம். கைப்பிடி ஏதோ ஒரு பெட்டியின் அடியில் கிடக்கும். சக்கரத்தால் திருப்பும் படகுகளில், சுக்கானுக்கு நேர் மேலே உள்ள பெரிய வட்ட மூடியைத் திறந்தால் சதுரமாகச் செதுக்கிய தண்டின் தலை தெரியும். சக்கரத்தின் கம்பி அறுந்தால் அதன்மேல் அவசரச் சுக்கான் பிடியைப் பொருத்த வேண்டும். அந்த மூடி இருபது ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இறுகியிருக்கக்கூடும் என்பதால், இனங்கண்ட அன்றே திறந்து எண்ணெய் இட்டு, பிடி மெய்யாகவே பொருந்துகிறதா என்று சோதிப்பது நல்லது. வின்ச்சின் மேலே கைப்பிடித் துளையே இல்லாமல் உருளைக்குக் கீழே நெம்புகோல் ஒன்று முன்னும் பின்னும் அசைந்தால், அது உடைந்த வின்ச் அன்று. அடிப்புறத்திலிருந்து இயக்கும் பழைய வகை.

பின்முனையில் கடந்த காலம் இன்னும் தடிப்பாகப் படிந்திருக்கும். விளிம்பில் ஆப்புப்போல் சரிந்த பள்ளமுள்ள சிறு வெண்கலத் தகடு, பெரும்பாலும் இழுவைத் தொலைவுமானியின் காலணி, அதாவது அதைப் பொருத்தும் இடம். பர்மிங்ஹாமின் வாக்கர் நிறுவனம் செய்த அத்தகைய மானிகளில், நீண்ட கயிற்றின் முனையில் சுழலி ஒன்று நீரில் இழுபட்டுச் சுழன்று, கடந்த மைல்களை முகப்பில் காட்டும். பின்வேலியில் நிற்கும் வெற்றுக் குழாய்த்தாங்கி, லோரான் என்னும் பழைய வானொலி வழிகாட்டி முறையின் அலைவாங்கியுடையதாக இருக்கலாம். அமெரிக்காவில் லோரான்-சி ஒலிபரப்பு 2010-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பின்தாங்குகம்பியில் இரண்டு வெண்ணிறக் கட்டிகள் கோத்திருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட கம்பி நெடுந்தூர வானொலிக்கு அலைவாங்கியாக இருந்தது. தளத்தில் வெறும் குழியாக நிற்பது பூமைத் தாங்கும் கவைக்கம்பின் இருப்பிடம். குழி பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் கொடிக்கம்பத்துடையது. பின்சுவரில் நான்கு தடித்த அடித்தகடுகளும் காக்பிட் ஓரத்தில் சிறு கப்பிகளும் சேர்ந்து காணப்பட்டால் காற்றுத்தகட்டால் இயங்கும் தானியங்கிச் சுக்கான் ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

ஆறாம் படி: உடன்பிறந்த படகுகளோடு ஒப்பிடுதல்

இவ்வளவுக்குப் பிறகும் விளங்காதவை ஐந்தாறு எஞ்சும். இப்போதுதான் அதே வார்ப்பில் பிறந்த மற்றப் படகுகளைப் பார்க்க வேண்டும். ஒரே உறுப்பு எல்லாப் படகுகளிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது கட்டியவரின் எண்ணம். பழைய விற்பனைக் கையேட்டின் பாய்த்திட்டப் படத்தில் அதன் கயிறு வரையப்பட்டிருக்கவும் கூடும். உங்கள் படகில் மட்டும் இருந்தால் அது முந்தைய உரிமையாளர் ஒருவரின் எண்ணம். அவர் எத்தகைய பயணங்கள் செய்தார் என்ற கேள்வியே விடைக்கு வழி. ட்ரைட்டன், ஆல்பர்க் 30 ஆகியவற்றுக்கு உரிமையாளர் சங்கங்கள் அமைந்துள்ளதால் இந்தத் தேடல் எளிது. கேள்வி கேட்கும்போது உறுப்பின் அண்மைப் படத்தோடு, பத்தடி தள்ளி நின்று எடுத்த படத்தையும் கீழ்ப்புறப் படத்தையும் அனுப்புங்கள். அண்மைப் படம் மட்டும் வந்தால் அனுபவசாலிகளும் ஊகிக்கத்தான் முடியும்.

ஏழாம் படி: வைப்பதா, நீக்குவதா

வைப்பதா நீக்குவதா என்று முடிவெடுக்கும்வரை ஒரு விதி கட்டாயம்: இன்னதென்று தெரியாத, கீழ்ப்புறம் பார்க்கப்படாத வளையத்தில் உயிர்காப்பு வாரை மாட்டக் கூடாது; கிரேனின் கொக்கியையும் மாட்டக் கூடாது.

பெரும்பாலான பழைய தளங்கள் இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா என்னும் எடை குறைந்த மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துச் செய்யப்பட்டவை. பயனற்றுப்போன உறுப்பின் ஆணித்துளை வழியாகக் கசியும் நீர் அந்த மரத்தை மெல்ல மக்கச் செய்யும். உறுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கூர்மையாக ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மந்தமாக ஒலிக்கும் இடத்து உறுப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். தளத்தைத் துளைத்துச் செல்லும் எஃகுச் செயின்பிளேட்டுகளை (தாங்குகம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் பட்டைகளை) வெளியே எடுத்துச் சோதிப்பதும் அவ்வாறே கட்டாயம். காற்றுப்படாமல் ஈரத்தில் மறைந்திருக்கும் பகுதியில்தான் துருப்பிடிக்காத எஃகு வெடித்து அரிக்கும், மேலே தெரியும் பகுதி பளபளவென்றே இருக்கும்.

கழற்றுவதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் மேலே ஆணித்தலையைப் பிடிக்க, மற்றவர் கீழே நட்டைத் திருப்ப வேண்டும். மேலே இருப்பவர் ஆணியைச் சுழற்றினால் பசை கிழிந்து துளை பெரிதாகும் என்பதால், நட்டை மட்டும் சுழற்றுவதே முறை. பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் நெம்பாதீர்கள். மேற்படலமும் கூடவே பெயர்ந்து வரும். மெதுவாகச் சூடேற்றி, மெல்லிய கம்பியை அடியில் அறுப்பதுபோல் இழுத்துப் பிரிக்க வேண்டும். நீக்கியபின், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, உள்மரத்தைச் சுரண்டி உலர்த்தி, எப்பாக்சி நிரப்ப வேண்டும். உறுப்பு மீண்டும் வர வேண்டுமெனில், அந்த எப்பாக்சியின் நடுவிலேயே புதிய துளையிட்டு, ஆணித்தலைக்கடியில் துளைவாயைச் சாய்வாகச் செதுக்கி, பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவைச் சுற்றி, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சிலிக்கோனை இங்கே தவிர்ப்பது நல்லது. ஒருமுறை பூசிய இடத்தில் பிறகு எதுவும் சரியாக ஒட்டாது.

நீக்கிய உறுப்பைக் குப்பையில் எறிய வேண்டாம். ஆணிகளோடும் அடித்தகட்டோடும் ஒரு பையில் போட்டு, வரைபடத்தில் அதற்கிட்ட எண்ணையும் பாய்மரத்திலிருந்து இருந்த தொலைவையும் எழுதி, படகிலேயே ஒரு பெட்டியில் வையுங்கள். அதற்கு முன்பு அந்தப் பெட்டியின் அடிவரை துழாவிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் கழற்றிப்போட்ட நெம்புகோலோ நண்டுக்கொடுக்கு வளையமோ துருவும் தூசியும் ஏறிய நிலையில் அங்கேதான் பெரும்பாலும் கிடக்கும்.